பதினேழாம் எண் குப்பி

நேற்று மாலை உன் ஆய்வகத்துக்கு வந்த மின்னஞ்சலின்படி, மூன்று ஆய்வகங்களின் முடிவுகளை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் நிபுணர் குழு உங்கள் அறிக்கையை முழுமையாகப் பெற்றுக்கொண்டுவிட்டது. கோடையில் பிசகிய சோதனைகளும் அதில் இருக்கின்றன; ஒரு பக்கமும் விடுபடவில்லை. இதை எனக்குச் சொன்னவள் நீ. சொல்லிவிட்டு நீ குளிக்கப் போன நேரத்தில் உன் இயக்குநருக்குப் போன் போட்டுக் கேட்டும் உறுதி செய்துகொண்டேன். கோபித்துக்கொள்ளாதே. முப்பது வருடம் நிருபராக இருந்தவள், பெற்ற பெண்ணே சொன்னாலும் இன்னொரு வாயால் ஒருமுறை கேட்காமல் எழுத உட்கார மாட்டாள்.

அடுத்த வாரம் நீ பிரான்சுக்குப் போய் அந்தக் குழுவின் முன்னால் நிற்கப்போகிறாய். உன் அப்பா உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் முக்கு அரிசிக்கடைத் தராசில் நிறுத்துவிட்டு வந்திருக்கிறார். இன்னும் கொஞ்சம் ஊறுகாய் வைக்க இடம் இருக்கிறதாம். எனக்குப் பெட்டி கட்ட வராது, எழுத வரும். உன்னிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, மற்றவர்களும் படிக்கும்படியாகவே இதை எழுதுகிறேன். நீ அங்கே சொல்லப்போகும் விஷயம் நெல்லித்தோப்பில் ஒரு கறிக்கடை வாசலில் வெளிப்பட்டது. அதை நம் ஊர்க்காரர்கள் நம் பாஷையில் ஒருமுறை தெரிந்துகொள்ளட்டும். உனக்கும், அந்த மேடையில் வாய் உலரும்போது, எது எதற்குப் பின் நடந்தது என்பது வரிசையாக நினைவில் இருக்கட்டும்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஷாம்பூ, தரை கழுவும் திரவம், பெயின்ட், எதுவானாலும் மனிதர் கண்ணில் தெறித்தால் என்ன ஆகும் என்று விற்பனைக்கு முன் தெரிந்தாக வேண்டும். அதற்காக உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகளாகச் செய்துவந்தது, முயலின் கண்ணில் கொஞ்சம் விட்டுவிட்டுப் பல நாள் பார்த்துக்கொண்டிருப்பது. வேலைக்குச் சேர்ந்ததும் உன்னைப் போட்ட இடம் அந்த முயல் கூடம்தான். முதல் சில மாதம் வீட்டில் அதைப் பற்றி நீ வாயே திறக்கவில்லை. கேட்டால், வேலைதான், வேறென்ன என்பாய். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீயாகவே சொன்னாய்: “அது கத்தாதும்மா. கத்துனாக்கூடப் பரவால்ல. சும்மா உக்காந்துகினு என்னையே பாக்குது.” நான் உன் தட்டில் ரசம் ஊற்றினேன். அந்த வேலையை விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். நீ விடவில்லை. அந்தக் கூடத்தைக் காலி செய்ய என்ன வழி இருக்கிறது என்று படிக்க ஆரம்பித்தாய்.

அப்படித்தான் கோழிக் கண் முறைக்கு வந்து சேர்ந்தாய். எப்படியும் கறிக்காக அறுபடும் கோழி. தலையைக் கடைக்காரர் குப்பையில்தான் போடுவார். அந்தத் தலையை உப்புநீரில் நனைத்த தாளில் சுற்றி, காய்ந்துவிடாமல் சீக்கிரம் ஆய்வகத்துக்குக் கொண்டுவர வேண்டும். கண்ணைப் பழுதில்லாமல் எடுத்து, ஒரு தாங்கியில் நிறுத்தி, உடம்புச் சூட்டுக்கு அருகில் உப்புநீர் சொட்டிக்கொண்டே இருக்கும்படி வைத்தால், கருவிழியின் மேலுள்ள கண்ணாடிப் படலம் இன்னும் சில மணி நேரம் உயிருள்ளது போலவே நடந்துகொள்ளும். சோதிக்கும் பொருளைச் சில நொடி அதன்மேல் வைத்துக் கழுவிவிடுவீர்கள். பிறகு அந்தப் படலம் எவ்வளவு வீங்குகிறது, எவ்வளவு மங்குகிறது என்று அளந்துகொண்டே வருவீர்கள். வீங்கினால் பொருள் கண்ணை உறுத்தக்கூடியது. வீங்காவிட்டால் தீங்கில்லை. முயல் கூடத்துக்கே போக வேண்டாம்.

ஆனால் ஒரு முறை நல்லது என்று அதைக் கண்டுபிடித்தவர் சொன்னால் மட்டும் யாரும் சட்டத்தில் எழுதிவிட மாட்டார்கள். வேறு வேறு ஊரில், வேறு வேறு கைகள், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாமல், ஒரே வழிமுறைத் தாளைப் பார்த்து அதையே செய்து அதே விடைக்கு வர வேண்டும். அதற்காகத்தான் மூன்று ஆய்வகங்கள்: ஐரோப்பாவில் ஒன்று, வடநாட்டில் ஒன்று, நம் ஊரில் உங்களுடையது. மூவருக்கும் ஒரே மாதிரிக் குப்பிகள் வந்தன. குப்பியின் மேல் எண் மட்டும். உள்ளே இருப்பது மிளகாய்ச் சாறா, வெறும் தண்ணீரா என்று மூவருக்கும் தெரியாது. மூவரும் முடித்து அனுப்பிய பிறகுதான் எண்ணுக்குரிய பெயரைப் பிரிப்பார்கள். எனக்கு அது உடனே புரிந்தது. ஒரு கலவரத்தைத் தனித்தனியாகப் பார்த்த மூன்று நிருபர்களிடம், அவர்கள் டீக்கடையில் சந்தித்துக்கொள்வதற்கு முன், செய்தியை வாங்கிவிடுவது போன்ற ஏற்பாடு.

தை மாதம் தொடங்கினீர்கள். ஆடியில் எண்களைப் பிரித்தார்கள். அன்று நீ வீட்டுக்கு வந்தபோதே முகம் சரியில்லை. மூன்று ஆய்வகங்களின் விடைகளும் பக்கம் பக்கமாக இருந்தன. கடுமையான பொருள்களில் மூவரும் ஒன்று. தீங்கில்லாதவற்றிலும் ஒன்று. நடுத்தரமானவற்றில் சிலவற்றை மட்டும் நீங்கள் ஒரு படி இறக்கிச் சொல்லியிருந்தீர்கள். அவற்றில் மோசமானது பதினேழாம் எண் குப்பி. மற்ற இரண்டு ஆய்வகங்களும் அது கண்ணை உறுத்தும் என்றன. நீங்கள் தீங்கில்லை என்று எழுதியிருந்தீர்கள். பெயரைப் பிரித்துப் பார்த்தால் அது சலவைத் திரவங்களில் சேர்க்கும் ஒரு சரக்கு. மனிதர்கள் கண்ணைப் பதம் பார்த்த சரித்திரம் அதற்கு ஏற்கெனவே உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் தம்பி, உன் மாமா, சாப்பிட வந்திருந்தான். நீ பிறந்ததிலிருந்தே அவனுடைய இடது கண் உனக்குப் பழக்கம், அதனால் நீ அதைப் பார்ப்பதில்லை. மற்றவர்கள் பார்ப்பார்கள், பால் சிந்தியது போல் ஒரு வெள்ளை. மில்லில் அவன் துணி வெளுக்கும் பகுதியில் இருந்தான். புதிதாக ஒரு பீப்பாய் வந்தது. இது ஒன்றும் பண்ணாது, கண்ணில் பட்டால் தண்ணீர் விட்டுக் கழுவு என்று மேஸ்திரி சொன்னார். பட்டது, கழுவினான். அடுத்த வாரம் பாதிப் பார்வை போயிற்று. நான் அப்போது இளம் நிருபர். அந்தப் பீப்பாயில் என்ன இருந்தது என்று கண்டுபிடிக்க அலைந்தேன். பீப்பாய் போய்விட்டது, பிறகு மில்லே மூடிவிட்டது. என்ன சரக்கு என்று இன்றுவரை உறுதி செய்ய முடியவில்லை. அதனால் நான் அதை எழுதியதும் இல்லை. அவன் இப்போது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறான். கண்ணைப் பற்றிப் புலம்ப மாட்டான். கிண்டல்தான்.

நீ மூன்று விடைகளையும் சொன்னதும் நான் உடனே தீர்ப்புச் சொன்னேன். இரண்டு பேர் ஒன்று சொல்கிறார்கள், ஒருவர் வேறு சொல்கிறார். எங்கள் தொழிலில் இரண்டு பேர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். உங்கள் விடைகளை விட்டுவிட்டு மற்ற இருவருடையதை வைத்துக்கொள்ளச் சொல், தலைவலி தீர்ந்தது என்றேன். உன் இயக்குநரும் ஏறக்குறைய அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. நீ மீன் முள்ளைத் தட்டின் ஓரம் ஒதுக்கிவிட்டு மெதுவாகக் கேட்டாய்:

“விட்டுட்டா, நாங்க ஏன் தப்புப் பண்ணோம்னு எப்படிம்மா தெரியும்? நாளைக்கு இதே தாளப் பாத்து இன்னொரு ஊர்ல செய்யப்போறான். அவனும் தீங்கில்லன்னு எழுதுவான். அவன் பக்கத்துல ஒப்பிட்டுப் பாக்க ரெண்டு லேப் இருக்காது.”

உன் மாமாதான் பேசினான். “முயலு தப்பிச்சிதுன்னா எனக்கும் சந்தோஷம்தான் பாப்பா. அதுக்குப் பதிலா என்னைக் கொண்டுபோயி உக்கார வச்சிடாதீங்க.” சொல்லிவிட்டு, குழம்பில் புளி தூக்கல் என்று என்னையும் ஒரு குத்துக் குத்தினான். அந்தச் சாப்பாட்டு நேரத்தில் உன் வேலை என்ன என்பது உனக்கு முடிவாகிவிட்டது என்று நினைக்கிறேன். எனக்கு இன்னும் சில வாரம் பிடித்தது.

அடுத்து நீ செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பதினேழாம் குப்பியில் மிச்சம் இருந்ததை வைத்து மறுபடி செய்தாய். மறுபடியும் தீங்கில்லை என்றே வந்தது. அப்படியானால் கை தவறவில்லை, ஏதோ ஒன்று ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித் தவறுகிறது. உப்புநீரை மாற்றினாய். அளவுக் கருவியைச் சென்னைக்கு அனுப்பிச் சரிபார்த்து வாங்கினாய். அறையின் ஏசியைச் சந்தேகப்பட்டாய். எல்லாம் சுத்தம். பிறகு விடைகளைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தாய். தையிலும் மாசியிலும் செய்தவை மற்ற ஆய்வகங்களோடு பொருந்தின. பங்குனி முடிந்து செய்தவைதான் இறங்கியிருந்தன. வெயிலோடு ஏதோ வந்திருக்கிறது என்றாய். எது என்று தெரியவில்லை. சோதனைக்கு எடுக்கும் ஒவ்வொரு கண்ணையும் முதலில் அளப்பீர்கள். அன்றைய கண்களின் சராசரியைவிட மிகத் தடித்தோ மெலிந்தோ இருந்தால் அதை ஒதுக்கிவிடுவீர்கள். அந்தச் சல்லடையில் ஒரு கண்கூட மாட்டவில்லை. பிற்பாடு யோசித்தால் மாட்டாததுதான் நியாயம். எல்லாக் கண்ணும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் சராசரியும் கூடவே கெட்டுப்போகும்.

ஆவணியில் ஒருநாள் காலை என்னைத் தபால் நிலையத்தில் இறக்கிவிட வண்டியில் கூட்டிக்கொண்டு போனாய். போகிற வழியில் நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குப் பக்கத்துக் கறிக்கடையில் நிறுத்தினாய். உங்கள் ஆய்வகத்துக்குத் தலைகள் அங்கிருந்துதான் போகின்றன. நீ அதுவரை ஒருமுறைகூட அங்கே போனதில்லை. வாசலில் உங்கள் வேன் நின்றது. ஓட்டுபவர் அஞ்சாப்புலி. வைத்திக்குப்பத்துக்காரர், சுனாமிக்குப் பிறகு கடலுக்குப் போவதை விட்டுவிட்டு வேன் ஓட்ட வந்தவர். கடைக்காரர் பாய் தலைகளைத் தாளில் சுற்றிக் கொடுக்கக் கொடுக்க, அவர் ஒரு தெர்மாகோல் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அடியில் உடைத்த ஐஸ். ஒரு வரிசைத் தலை, மேலே இன்னொரு கை ஐஸ், அடுத்த வரிசை. வஞ்சிரம் அடுக்குவது போல, அவ்வளவு அழகாக.

நீ வண்டியிலிருந்து இறங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாய். அவர்தான் முதலில் பேசினார்.

“என்னா தங்கச்சி, நேரா இங்கியே வந்துட்டீங்க? நம்ம மேல நம்பிக்கை இல்லியா?”

“அண்ணே, ஐஸ் எதுக்கு?”

“எதுக்கா? வெயிலு கொளுத்துதே. இப்படியே கொண்டாந்தா லேப்பு போறதுக்குள்ள நாறிப்பூடும். கெட்டுப்போவாம கொண்டாங்கண்ணேன்னு நீங்கதான சொன்னீங்க?”

“எப்பலேர்ந்து போடுறீங்க?”

“பங்குனி கடைசிலேர்ந்து. பனிக்காலத்துல வேணாம்னு வுட்டுட்டேன். நம்ம வூட்டு ஐஸுதான், எங்க வூட்டுக்காரி மீன் பொட்டிலேர்ந்து எடுத்தாறேன். கம்பெனிய ஒண்ணும் கேக்கல.”

பாய் கத்தியைத் துடைத்துக்கொண்டே, “மீன்காரன் என் கோழியையும் மீனாக்கிட்டாம்மா” என்றார்.

ஆய்வகத்தில் யாருக்கும் ஏன் தெரியவில்லை என்று நான் கேட்டேன். அதற்கும் அஞ்சாப்புலியிடம் பதில் இருந்தது. ஆய்வக வாசலுக்கு வருமுன் ஓரமாக நிறுத்தி, ஐஸைக் கொட்டி, பெட்டியைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே கொடுப்பார். தண்ணீர் சொட்டச் சொட்டச் சரக்கைக் கொடுப்பது அவர் குடும்பத்தில் யாரும் செய்யாத காரியம். உள்ளே வாங்குபவர்கள், நல்ல மனிதர், பெட்டி எப்போதும் சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

இங்கே யாரிடமும் ஏமாற்று இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. கடற்கரையில் பிறந்தவரிடம் கெட்டுப்போகாமல் கொண்டுவா என்றால், அவர் ஐஸ் போடாமல் கொண்டுவந்திருந்தால்தான் ஆச்சரியம். குளிரக் கூடாது என்று வழிமுறைத் தாளில் ஒரு வரி இருக்கத்தான் செய்தது. எதற்காகக் கூடாது என்று இல்லை. அதுவும் ஆங்கிலத்தில். அதை நீ படித்திருந்தாய், அவருக்குச் சொல்லவில்லை. நீ வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு இறங்கி, “தப்பு என் மேலதாண்ணே. உங்க மேல ஒண்ணும் இல்ல” என்றாய். அவர் அப்போதுதான் கலங்கினார். தப்பு நடந்திருக்கிறது என்பதே அவருக்கு அந்த வார்த்தையில்தான் தெரிந்தது.

அதன்பின் நீ அவசரப்படவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. காரணம் கிடைத்துவிட்டது என்று குதித்திருக்கலாம். ஐஸ் இருந்தது என்பதும் விடை இறங்கியது என்பதும் இரண்டு செய்திகள். ஒன்றால்தான் மற்றது என்பது மூன்றாவது செய்தி, அதற்குத் தனிச் சாட்சி வேண்டும் என்றாய். ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே நேரத்தில் அறுத்த கோழிகளின் தலைகளில் பாதியை ஐஸில் கொண்டுவரச் செய்தாய், பாதியை ஐஸ் இல்லாமல். எது எந்தப் பெட்டியில் வந்தது என்று அளப்பவர்களுக்குச் சொல்லவில்லை. பல நாள் இப்படி. ஐஸ் இல்லாமல் வந்த கண்களில் பதினேழாம் குப்பி கண்ணை உறுத்தியது. ஐஸில் வந்த கண்களில் சாதுவாகிவிட்டது. குளிரில் அந்தப் படலம் தானாகவே நீர் கோத்துத் தடித்துவிடுகிறது என்று எனக்கு விளக்கினாய். பிறகு ஆய்வகச் சூட்டில் மெல்ல மெல்ல வற்றி மெலிகிறது. அதே நேரத்தில் நடுத்தரமான ஒரு பொருள் அதைக் கொஞ்சம் வீங்கச் செய்தால், ஏறியதும் இறங்கியதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, அளவில் ஒன்றும் தெரியாமல் போகிறது. கடுமையான பொருள் எந்தக் குளிரையும் மீறிச் சுட்டுவிடும். நடுவில் இருப்பவைதான் ஒளிந்துகொள்கின்றன. உன் மாமாவின் பீப்பாயில் இருந்தது எந்த ரகம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இது ஒன்றும் பண்ணாது என்று ஒரு மேஸ்திரி நம்பிச் சொல்லக்கூடியது நடுவில் இருக்கும் சரக்காகத்தான் இருக்கும்.

உன் இயக்குநரைப் பற்றி நியாயமாக எழுத வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. இந்த ஆய்வகத்தை ஒரு வாடகைக் கட்டடத்தில் தொடங்கி இவ்வளவுக்குக் கொண்டுவந்தவர். கோடைச் சோதனைகளை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டு, அறையின் குளிர்சாதனம் பழுதாக இருந்தது என்று ஒரு வரி போட்டு, மழைக்காலத்தில் புதிதாகச் செய்து அனுப்பிவிடலாம் என்றார். அவர் சொன்ன காரணம் லேசானதல்ல. நம் ஊர் ஆய்வகம் நம்பத் தகுந்ததல்ல என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால் அடுத்த ஆய்வு இங்கே வராது. அது வராவிட்டால் பிழைப்புக்காகப் பழைய வேலையையே எடுக்க வேண்டியிருக்கும். காலி செய்யப் பாடுபட்ட முயல் கூடத்தை நீயே நிரப்ப வேண்டி வரும். உண்மையைச் சொல்லி முயலைக் கொல்லப்போகிறாயா என்று அவர் கேட்டதாக நீ வந்து சொன்ன அன்று நீ இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

நீ அவருக்குச் சொன்ன பதில் இந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். எண்களைப் பிரிப்பதற்கு முன்பாக இருந்தால், முன்பே எழுதிவைத்த விதிப்படி ஒரு சோதனையைத் தள்ளலாம். விடை தெரிந்த பிறகு, அந்த விடை பிடிக்கவில்லை என்று தள்ளினால், இந்த முறை மூன்று ஊரில் ஒத்துவந்தது என்று உலகத்துக்கு நாம் சொல்வது பொய். அந்தப் பொய்யை நம்பி முயல் சோதனையைக் கைவிட்ட பிறகு, எங்கோ ஒரு வெயில் ஊரில், எவரோ ஒருவர் அக்கறையாக ஐஸ் போடுவார். ஒருவருக்குக் கண் போகும். அன்றைக்கு, பார்த்தீர்களா, முயலே மேல் என்று சொல்லிக் கூண்டுகளைத் திரும்பத் திறப்பார்கள். அப்போது ஒரு முயல்கூட மிஞ்சாது. இப்படி நீ சொன்னாய். வாக்குக்கு வாக்கு இல்லாவிட்டாலும் பொருள் இதுதான். உன் இயக்குநரிடமும் சரிபார்த்தேன். ஆமாம், கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள் என்றார்.

அவர் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. குழுவின் முன்னால் நிற்க வேண்டியது நீ. கேள்வி கேட்டால் பதில் உன்னுடையது. உங்கள் ஆய்வகத்தை இந்த ஆய்விலிருந்தே நீக்கினால் அந்தப் பொறுப்பும் உன் பெயரில். நீ சரி என்று கையெழுத்துப் போட்டாய். கார்த்திகையில் அறிக்கை போயிற்று. அதன் முதல் வரைவில், காரணம் என்ற இடத்தில், ‘போக்குவரத்து ஊழியரின் தவறு’ என்று யாரோ தட்டச்சு செய்திருந்தார்கள். அதை நீ அடித்துவிட்டு, ‘குளிர்விக்கக் கூடாததன் காரணம் வழிமுறையில் இல்லை, எடுத்துவருபவருக்கு எங்கள் ஆய்வகம் விளக்கவும் இல்லை’ என்று மாற்றினாய். இந்த ஆறு மாதத்தில் நீ செய்த வேலைகளிலேயே எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த ஒரு வரித் திருத்தம். நான் வேலை செய்த பத்திரிகைகளில், ஒரு செய்தி தவறிவிட்டால், கடைசியில் அது டைப் அடித்தவர் தலையில்தான் விழும்.

இப்போது நீ போகிறாய். இரண்டு விஷயம் சொல்கிறேன், கேட்டுக்கொள். மேடையில் ஏறியதும் முதல் வாக்கியத்திலேயே என்ன பிசகியது என்று சொல்லிவிடு. நல்லதைச் சொல்லிவிட்டுப் பிறகு மெதுவாக அதற்கு வரலாம் என்று தோன்றும். வராதே. கடைசிப் பத்தியில் மறைத்துவைத்த செய்தியைத்தான் படிப்பவர்கள் முதலில் சந்தேகிப்பார்கள். அடுத்தது, அஞ்சாப்புலியைப் பற்றிக் கேட்பார்கள். படிப்பறிவு இல்லாத ஆள் என்பது போல ஒரு சிரிப்பு அந்த அறையில் எழலாம். நீயும் சேர்ந்து சிரித்துவிடாதே. அவர்கள் ஊரில் பனிக்காலத்தில் தலைகளைக் கொண்டுவருபவர் ஹீட்டர் பக்கத்தில் பெட்டியை வைக்கிறாரா என்று கேள். கிண்டலாக அல்ல, நிஜமாகவே கேள். பார்த்தவர்கள் யாரும் அந்த அறையில் இருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நாமும் ஆவணி வரை பார்க்கவில்லை.

அவர் பெயரை இதில் போடலாமா என்று நேற்று முன்தினம் வைத்திக்குப்பத்துக்கே போய்க் கேட்டேன். படகு நிழலில் உட்கார்ந்து வலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தார். வேன் ஓடாத நாளில் தன் அண்ணனின் வலை வேலைக்குப் போவார் போலிருக்கிறது. எழுதியதைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

“போடுங்க ரிப்போட்டரம்மா. ஐஸ் போட்டது தப்புன்னு போடுங்க. ஆனா ஐஸு நல்ல ஐஸுன்னும் போடுங்க. இந்தச் சேதி பிரான்சுக்கும் போவுதா?”

தங்கச்சி அங்கே உங்களைப் பற்றித்தான் பேசப்போகிறாள் என்றேன்.

“இந்த ஊர்ல பிரான்சுக்குப் போவணும்னு எத்தினி பேரு தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த காயிதத்த வச்சிகினு அலையறான். நம்ம பேரு ஐஸ் போட்டே போவுது பாருங்க” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்தி, தங்கச்சிக்கு வேலை போய்விடுமா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். தெரியாததைத் தெரியும் என்று அவரிடமும் சொல்ல முடியாது, உன்னிடமும் முடியாது.

உறுதியானவை இவை: பதினேழாம் எண் குப்பி கண்ணை உறுத்தும். ஐஸில் வந்த கண்ணில் அது தெரியாது. இரண்டும் உங்கள் அறிக்கையில் இருக்கின்றன, அறிக்கை குழுவின் கையில் இருக்கிறது. முடிவாகாதவை: கோடைச் சோதனைகளை உங்கள் ஆய்வகத்தின் தோல்வி என்று எண்ணுவார்களா, வழிமுறையின் ஓட்டை என்று எண்ணுவார்களா, நீங்கள் இந்த ஆய்வில் நீடிப்பீர்களா, குளிரக் கூடாது என்ற வரிக்குப் பக்கத்தில், ஏன் என்ற வரி சேருமா. குழு மாசி மகத்துக்கு முன் எழுத்து மூலம் சொல்வதாகச் சொல்லியிருக்கிறது. சாமிகள் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும் நேரத்தில் நமக்குத் தெரிந்துவிட வேண்டும். நீடிக்கச் சொன்னால், புது எண் போட்ட புதுக் குப்பிகள் வரும்; சித்திரையில், வெயில் உச்சியில், முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று நீயே கேட்டிருக்கிறாய். அதற்காக அஞ்சாப்புலி ஒரு புதுப் பெட்டி வாங்கி, உள்பக்கம் ஒரு வெப்பமானி கட்டி வைத்திருக்கிறார். உன் மாமா தினமும் சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து போன் போட்டு, பதில் வந்ததா என்று கேட்கிறான். இன்னும் வரவில்லை.